உதகைச் சுவரில் தொங்கிய விதித்தாள்

(ஔந்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் பேச வருவோர் பெரும்பாலும் புலவர்களாக இருப்பர். கம்பனிலோ குறளிலோ தோய்ந்தவர்களாக இருப்பர். நாமோ பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பேரேடுகளோடும் சுற்றறிக்கைகளோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் காலம் கழித்து வருகிறோம். ஆகவே இலக்கியம் பேசத் துணியவில்லை. ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச அனுமதி கேட்டோம். செயற்குழுவினர் முதலில் மகிழ்ந்தனர். சடுகுடு என்றோ சிலம்பம் என்றோ எண்ணிக்கொண்டனர் போலும். ஸ்னூக்கர் என்று சொன்னதும் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மதுக்கடையிலும் சூதாட்ட விடுதியிலும் ஆடுகிற ஆட்டத்துக்குச் சங்க மேடையா என்று ஒரு பெரியவர் வெளிப்படையாகவே கேட்டுவிட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. சில மாதங்களுக்கு முன்பு வரை நமக்கும் அதே எண்ணந்தான் இருந்தது.

எண்ணம் மாறியது எவ்வாறு என்பதைச் சொல்வதாயின், நம் தவறு ஒன்றை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சென்ற பொங்கல் விழாவில் நடந்த கேரம் போட்டியைப் பலரும் மறந்திருக்கமாட்டீர்கள். இறுதி ஆட்டத்தில் நடுவராக அமர்ந்தவர் நாமே. வெள்ளைக் காய் ஆடிய தம்பிக்கு மேசையில் இரண்டு காய்களும் சிவப்பும் எஞ்சியிருந்தன. அவர் அடித்த ஓர் அடியில் சிவப்பும் வெள்ளை ஒன்றும் ஒருங்கே வெவ்வேறு குழிகளில் வீழ்ந்தன. கூடம் முழுவதும் கைதட்டிற்று. நாமோ, சிவப்பு விழுந்த பிறகு தனியாக ஒரு காயைப் போட்டால்தான் அது உறுதியாகும் என்று தீர்ப்பளித்துச் சிவப்பை மீண்டும் நடுவில் வைத்துவிட்டோம். நாம் சிறுவராக ஆடிய தெருவில் அதுவே வழக்கம். அத்தம்பி ஆடிப் பழகிய இடத்தில் வழக்கம் வேறு. அவர் எதிர்த்துக் கேட்டார். "நடுவர் சொன்னால் சொன்னதுதான்" என்று அதட்டினோம். பிறகு எதிராளி சிவப்பை எடுத்தார். கோப்பையும் அவருக்கே போயிற்று. ஆட்டக்காரர் இருவரும் சிறுவர். இரண்டு நாளில் மறந்திருப்பர். தந்தையர் இருவரும் இடையில் புகுந்ததால் பேச்சு வளர்ந்தது. ஒரே மாடிப்படியில் ஏறியிறங்கும் இரண்டு குடும்பங்கள் தீபாவளிக்குப் பலகாரத் தட்டு மாற்றிக்கொள்ளவில்லை. அத்தம்பி அதன் பின்னர்ச் சங்கக் கூடத்துப் பக்கமே வரவில்லை.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவருடைய தந்தையார் நம்மைத் தேடி வந்தார். "சார், பையன் மாலையில் எங்கோ ஸ்னூக்கர் ஆடப் போகிறான். அது குடிகாரர் ஆட்டம் என்கிறார்கள். நான் சொன்னால் கேட்கமாட்டான். நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்" என்றார். அவருடைய மகன் சங்கத்தை விட்டு விலகியதற்கு நாமே காரணம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலிருந்ததே நம்மை அதிகம் உறுத்திற்று.

போய்ப் பார்த்தோம். ஔந்துக் கடைத்தெருவில் ஒரு மாடி. நாம் எதிர்பார்த்த புகையும் இல்லை, கூச்சலும் இல்லை. நூலகத்தில் இருப்பதைப் போன்ற அமைதி. விளக்குகள் மேசைக்கு நேர் மேலே தாழ்ந்து தொங்கின. அறையின் மற்றப் பகுதி அரை இருளில் இருந்தது. நம்மைக் கண்டதும் அத்தம்பி கோலைச் சுவரில் சார்த்திவிட்டு எழுந்து நின்றார். "வாருங்கள் மாமா" என்றாரே தவிர, முகத்தில் மலர்ச்சி இல்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் குனிந்து ஒரு பந்தைக் குறிவைத்தார், நிமிர்ந்தார், "தவறு" என்று தாமாகவே கூறி எதிராளிக்கு நான்கு புள்ளி சேர்க்கச் சொன்னார். என்ன தவறு என்று நமக்கு விளங்கவில்லை. எதிராளியும் கவனிக்கவில்லை. கேட்டபோது, சட்டைக்கை ஒரு பந்தில் உராய்ந்துவிட்டது என்றார். எவரும் காணாத தவறுக்கு ஏன் நான்கு புள்ளி கொடுக்க வேண்டும் என்றோம். "விதி அப்படித்தான் மாமா. எழுதியே வைத்திருக்கிறார்கள்" என்றார். அந்தச் சொல் நம்மைக் குத்துவதற்காகச் சொன்னதா இல்லையா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. குத்தியது உண்மை.

எழுதி வைத்தவர் யார் என்று தேடப் புறப்பட்டோம். தேடல் நம்மைக் கொண்டுபோய் நிறுத்திய இடம் இங்கிலாந்து அன்று, நம் நீலகிரி.

கதை தொடங்குவது ஜபல்பூரில். 1875ஆம் ஆண்டு. டெவன்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த ஆங்கிலேய அதிகாரிகள் அங்கே தங்கியிருந்தனர். மழைக்காலத்தில் வெளியே செல்ல வழியில்லை. உணவுக் கூடத்தில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை இருந்தது. அதில் அவர்கள் சூது வைத்துப் பல ஆட்டங்கள் ஆடுவர். பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி ஆடுவது ஒன்று. அதற்குப் பிரமிட் என்று பெயர். ஆளுக்கொரு நிறப் பந்தும் மூன்று 'உயிரும்' கொண்டு ஒருவர் பந்தை ஒருவர் குழியில் தள்ளுவது மற்றொன்று. அதிலேயே கறுப்புப் பந்து ஒன்றைச் சேர்த்து, அதை வீழ்த்துவோர் எல்லாரிடமும் பணம் வாங்குவது வேறொன்று. நெவில் சேம்பர்லின் என்ற பத்தொன்பது வயது இளைஞர், இவற்றையெல்லாம் கலந்து, இன்னும் சில நிறப் பந்துகளைச் சேர்த்தால் என்ன என்று கேட்டார். சிவப்பு பதினைந்து, மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு, கறுப்பு என்று ஆடத் தொடங்கினர். நீலமும் பழுப்பும் சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்தவை.

இந்தச் சேம்பர்லினை, பின்னாளில் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்த பிரதம மந்திரி சேம்பர்லின் என்று எவரும் மயங்கவேண்டா. பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. நம் அலுவலகத்திலேயே ஒரே பெயருடைய இருவரின் சம்பளச் சீட்டு மாறிப் போவதுண்டு.

ஆட்டத்துக்குப் பெயர் வந்த கதை வேடிக்கையானது. இங்கிலாந்தில் உல்லிச்சு என்னுமிடத்தில் இராணுவப் பயிற்சிக் கல்லூரி இருந்தது. அங்கே முதலாண்டு மாணவரை, ஒன்றுமறியாத புதியவர் என்னும் பொருளில், 'ஸ்னூக்கர்' என்று ஏளனமாக அழைப்பர். அக்கல்லூரியில் பயின்ற இளைஞர் ஒருவர் ஜபல்பூர்க் கூடத்துக்கு விருந்தினராக வந்து இச்சொல்லைச் சொல்லிச் சென்றார். பின்னர் ஆட்டக்காரர் ஒருவர் எளிதாக விழவேண்டிய பந்தைத் தவறவிட்டபோது, "நீர் சரியான ஸ்னூக்கர்!" என்றார் சேம்பர்லின். சொல்லின் பொருளை விளக்கியதும் அவருக்கு முகம் சிவந்திருக்கும் அல்லவா? ஆறுதலாக, இந்தப் புது ஆட்டத்தில் நாம் எல்லாருமே ஸ்னூக்கர்கள்தாம் என்றும் சேர்த்துச் சொன்னார். அப்பெயரே ஆட்டத்துக்கு நிலைத்துவிட்டது. கற்றுக்குட்டி என்று பெயர் வைத்த ஆட்டத்தை உலகம் இன்று பட்டம் சூட்டி ஆடுகிறது.

எனினும் ஜபல்பூரில் பிறந்தது ஆட்டம் என்பதைவிட ஒரு விளையாட்டு வழக்கம் என்பதே பொருந்தும். ஒரு கூடத்தில் ஒருவாறும் மறு கூடத்தில் வேறொருவாறும் ஆடப்பட்டது. நம் கேரம் கதைதான்.

சேம்பர்லின் ஆப்கன் போரில் காயமுற்றார். பின்னர் ஜெனரல் பிரெடரிக் ராபர்ட்ஸிடம் பணியாற்றினார். அந்த ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். கோடை வந்தால் சென்னை அரசாங்கம் முழுவதும் உதகமண்டலத்துக்கு ஏறிவிடும். தளபதியும் ஏறுவார், அவரோடு சேம்பர்லினும் ஏறுவார். அப்போது ரயில் மேட்டுப்பாளையம் வரைதான். அந்தப் பாதை 1873இல் திறக்கப்பட்டது. பற்சக்கரத்தால் கவ்வி ஏறும் நம் மலை ரயில் குன்னூரை எட்டியது 1899இல். உதகையை எட்டியது 1908இல். ஆகவே சேம்பர்லின் குதிரை வண்டியில் மலைப்பாதை சுற்றித்தான் போயிருக்க வேண்டும். இது தலைப்புக்குப் புறம்பானது. ரயில்வேக்காரன் வாய் சும்மா இராது, பொறுத்தருளுங்கள்.

உதகையில் வெள்ளையர் கிளப் ஒன்று இருந்தது, இன்றும் இருக்கிறது. தூண்கள் தாங்கிய வெண்மையான கட்டடம். அங்கே பில்லியர்ட்ஸ் அறையில் பல படைகளிலிருந்தும் பல ஊர்களிலிருந்தும் அதிகாரிகள் கூடினர். ஸ்னூக்கர் அங்கே பெரிதும் விரும்பப்பட்ட ஆட்டமாயிற்று. பல ஊரார் கூடினால் பல வழக்கங்களும் கூடும். வழக்கங்கள் கூடினால் வழக்கும் கூடும். ஆகவே விதிகளை எழுதி அவ்வறையின் சுவரில் தொங்கவிட்டனர். இந்த ஆட்டம் ஆட்டமானது அன்றுதான் என்பது நம் கருத்து. ஜபல்பூர்க்காரர் நம்மோடு வாதிடக்கூடும். குழந்தை பிறந்தது அவர்கள் ஊரில். பெயர் வைத்ததும் அங்கேயே. பதிவேட்டில் ஏறியது உதகையில். எழுத்தராகிய நமக்குப் பதிவேடே பெரிது.

அப்பதிவு பின்னொரு காலத்தில் பயன்பட்டது. அரைநூற்றாண்டு கழிந்த பின்னர், ஸ்னூக்கர் எங்கே தோன்றியது என்று இங்கிலாந்தில் பலர் பலவாறு எழுதினர். சேம்பர்லின் அப்போது எண்பது வயதைக் கடந்த கிழவர். 1938இல் 'தி ஃபீல்டு' என்னும் இதழுக்குக் கடிதம் எழுதி, தொடங்கியவன் நானே என்று உரிமை கோரினார். அவரோடு பணியாற்றிய பழைய அதிகாரிகள் சிலர் அதற்குச் சான்று கூறினர். உதகைச் சுவரில் தொங்கிய விதிகளும் அச்சான்றில் இடம்பெற்றன. எழுத்தாளர் காம்ப்டன் மக்கென்சி மறு ஆண்டு இவ்வரலாற்றைக் கட்டுரையாக எழுதினார். சேம்பர்லின் 1944இல் காலமானார்.

இனி அவ்விதிகளைச் சொல்வோம். இன்று வழங்கும் வடிவில் சொல்கிறோம். உதகையில் எழுதியதற்குப் பின் பல திருத்தங்கள் ஏறியிருக்கின்றன.

மேசை பன்னிரண்டு அடி நீளமும் ஆறடி அகலமும் உடையது. அடியில் ஸ்லேட் கற்பலகை; அதன்மேல் பச்சைப் பனாத்துத் துணி. நான்கு மூலைகளிலும், நீண்ட பக்கங்களின் நடுவிலும், ஆக ஆறு குழிகள். பந்துகள் இருபத்திரண்டு. வெள்ளை ஒன்று, அதுவே நம் கேரத்தின் ஸ்டிரைக்கர் போன்றது. கோலின் நுனி அந்த வெள்ளையை மட்டுமே தொடலாம். சிவப்பு பதினைந்து, ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. மற்றவை மஞ்சள் 2, பச்சை 3, பழுப்பு 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7.

முதலில் ஒரு சிவப்பை வீழ்த்த வேண்டும். வீழ்த்தினால் விரும்பிய நிறப் பந்து ஒன்றை வீழ்த்தும் உரிமை கிடைக்கும். அதுவும் விழுந்தால், நிறப் பந்தை எடுத்துப் பழைய இடத்திலேயே வைப்பர். சிவப்பு மட்டும் குழியிலேயே கிடக்கும். மறுபடி ஒரு சிவப்பு, மறுபடி ஒரு நிறம். தவறும் வரை ஒருவரே ஆடலாம். தவறினால் எதிராளி முறை. சிவப்பெல்லாம் தீர்ந்த பின், மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை ஏறுவரிசையில் ஒவ்வொன்றாக வீழ்த்த வேண்டும். இப்போது அவை திரும்ப வைக்கப்படமாட்டா. ஒவ்வொரு சிவப்போடும் கறுப்பையே வீழ்த்திவந்தால் பதினைந்து எட்டு 120, கடைசி ஆறு நிறங்கள் 27, ஆக 147. ஒரே மூச்சில் எடுக்கக்கூடிய உச்ச எண்ணிக்கை என்று வழக்கமாகச் சொல்வது இதுவே. ரோனி ஓ சல்லிவன் என்னும் ஆங்கிலேய வீரர் 1997இல் இதனை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தார். நாம் ஒரு சிவப்பை வீழ்த்த எடுத்துக்கொண்ட நேரத்தை இங்கே சொல்லப்போவதில்லை.

தவறுக்குத் தண்டம் உண்டு. தண்டப் புள்ளி எதிராளிக்குச் சேரும். குறைந்தது நான்கு; தொடக்கூடாத பந்து அதைவிட மதிப்புடையதாயின் ஐந்து, ஆறு, ஏழு வரையும் போகும். வெள்ளைப் பந்து குழியில் விழுந்தால் தவறு. அடிக்கவேண்டிய பந்தை முதலில் அடிக்காவிட்டால் தவறு. உடையோ கையோ ஏதேனும் ஒரு பந்தைத் தீண்டினாலும் தவறு. அத்தம்பியின் சட்டைக்கை உராய்ந்தது இதில்தான் வந்தது.

ஆட்டத்தின் உயிர்நிலை வேறொன்று. வீழ்த்த வழியில்லாதபோது, வெள்ளைப் பந்தை ஒரு நிறப் பந்தின் பின்னே மறைத்து நிறுத்திவிடலாம். எதிராளி அடிக்கவேண்டிய பந்தை நேர்கோட்டில் அடிக்க இயலாமற் போகும். அவருக்கு 'ஸ்னூக்கர்' போட்டதாகச் சொல்வர். அவர் மேசையின் விளிம்பில் மோதித் திருப்பித்தான் பந்தை எட்ட வேண்டும்; எட்டாவிட்டால் தண்டம். வலியவன் வெல்வான் என்பது இங்கே செல்லாது. நன்றாகக் குழியில் தள்ளத் தெரிந்தவனை, பொறுமையாக மறைக்கத் தெரிந்தவன் தோற்கடிப்பான். புலி ஆடு ஆட்டத்தில் ஆடுகள் புலியைச் சூழ்ந்து அடைப்பதை நம் பாட்டிமார் ஆடிப் பார்த்திருக்கிறோம். ஏறக்குறைய அந்தச் சுவை.

உதகையின் அந்த அறையைப் பற்றி இன்னொன்று சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. விதி தொங்கிய சுவர் நம் நாட்டுச் சுவர். அதைப் படித்து ஆடியவர்களில் நம்மவர் எவரும் இல்லை. அக்காலத்து வெள்ளையர் கிளப்புகளில் நம்மவர் உறுப்பினராக இயலாது. ஆனால் மேசைக்கருகில் நம் நாட்டவர் ஒருவர் நிற்பார். குழியில் விழுந்த பந்தை எடுத்துக்கொடுக்கவும், புள்ளியைக் கணக்கிட்டுச் சொல்லவும், பனாத்தைத் துலக்கவும் அமர்த்தப்பட்டவர். 'மார்க்கர்' என்று பெயர். இரவு முழுவதும் ஆட்டத்தைக் கண்ணிமைக்காமல் பார்த்து நின்றவர் அவரே. துரைமார்களுக்கு விதியில் ஐயம் வந்தால் அவரைத்தான் கேட்டிருப்பர்.

அந்த மரபில் வந்த ஒருவரை நாம் அறிவோம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாம் இருந்த ஊரின் ரயில்வே இன்ஸ்டிடியூட்டில் ஒரு பழைய மேசை கிடந்தது. பனாத்து கிழிந்து தையலிட்டிருந்தது. வெள்ளையர் காலத்து மார்க்கர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தாமும் அதே வேலை செய்து ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர் மாலைதோறும் வந்து அதைத் துடைத்துவிட்டுப் போவார். நமக்குக் கோல் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். "கோல் பிடிக்கிறவனுக்குக் கண் இருந்தால் போதும் தம்பி, கணக்குச் சொல்கிறவனுக்கு மனசாட்சி வேணும்" என்பார். அன்று அது கிழவரின் பழம்பேச்சாக நம் காதில் விழுந்தது. சென்ற பொங்கலன்று நினைவுக்கு வந்திருந்தால் எவ்வளவோ நன்றாயிருந்திருக்கும்.

மதுக்கடை ஆட்டம் என்ற பெரியவரின் ஐயத்துக்கு வருவோம். 1885இல் பில்லியர்ட்ஸ் வீரர் ஜான் ராபர்ட்ஸ் இந்தியாவுக்கு வந்தபோது, கல்கத்தாவில் கூச் பிஹார் மகாராஜாவின் விருந்தில் சேம்பர்லினைக் கண்டு இவ்வாட்டத்தைக் கேட்டறிந்து இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார் என்பது சேம்பர்லின் தரும் செய்தி. அங்கே அது கிளப்புகளிலும் பொது ஆட்டக்கூடங்களிலும் பரவிற்று. கூடங்களில் குடியும் சூதும் சேர்ந்திருந்தது உண்மையே. அதற்கு அந்நாட்டார் கண்ட வழிதான் நமக்கு வியப்பளித்தது. மதுவிலக்கு இயக்கத்தினர் ஆட்டத்தைத் திட்டவில்லை. 1906இல் ஒரு கம்பெனி நிறுவி, மது விற்காத பில்லியர்ட்ஸ் கூடங்களை ஊர்தோறும் கட்டினர். லண்டனிலும் மான்செஸ்டரிலும் அக்கட்டடங்கள் சில இன்றும் நிற்கின்றன. தொழிற்சாலையிலிருந்து திரும்பும் இளைஞன் மதுக்கடைக்குப் போவானேன், இங்கே வந்து தேநீர் அருந்தி ஆடட்டும் என்று நினைத்தார்கள். நம் ஔந்து மாடியிலும் தேநீர்தான் கிடைத்தது. சர்க்கரை சற்று அதிகம்.

1927இல் முதல் உலகப் போட்டி நடந்தது. ஜோ டேவிஸ் வென்றார். அவர் பெற்ற பரிசு ஆறரை பவுன். 1946 வரை அவரை எவரும் வெல்லவில்லை. 1969இல் பி.பி.சி. வண்ணத் தொலைக்காட்சியைக் காட்டுவதற்கு ஏற்ற ஆட்டம் எதுவென்று தேடி, பல நிறப் பந்துகள் உருளும் இதனைத் தேர்ந்தது. அதன் பிறகு இதன் புகழ் சொல்லி முடியாது.

நாம் வாழும் இந்த ஊருக்கும் இவ்வாட்டத்துக்கும் உறவு உண்டு என்பதைப் பலர் அறியார். பாட்மிண்டன் ஆட்டத்தை ஒரு காலத்தில் ஆங்கிலேயர் 'புனா' என்றே அழைத்தனர். இங்குள்ள படை முகாமில் பழகியதால் வந்த பெயர். அது கிடக்க. பில்லியர்ட்ஸ், ஸ்னூக்கரின் மூத்த உடன்பிறப்பு. அதில் 1958ஆம் ஆண்டு கல்கத்தாவில் உலக அமெச்சூர்ப் பட்டம் வென்றவர் வில்சன் ஜோன்ஸ். எந்த விளையாட்டிலும் தனியாக ஆடி உலகப் பட்டம் வென்ற முதல் இந்தியர் அவரே. 1964இலும் வென்றார். அவர் 1922இல் பிறந்தது இந்தப் புனேயில். ஸ்னூக்கரில் 1984இல் ஓம் அகர்வால் உலக அமெச்சூர்ப் பட்டத்தை முதன்முதலாக நம் நாட்டுக்குக் கொணர்ந்தார். 2003இல் சீனாவில் அதே பட்டத்தை வென்ற பங்கஜ் அத்வானி வளர்ந்தது பெங்களூரில். 1985இல் பிறந்தது இதே புனேயில். தாய்மார்கள் கேட்பதற்காக இன்னொன்று: 2025இல் தோஹா நகரில் மகளிருக்கான உலக ஸ்னூக்கர்ப் பட்டத்தை வென்றவர் சென்னைப் பெண் அனுபமா ராமச்சந்திரன். உதகைச் சுவரில் விதி தொங்கி ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டுக்குப் பின் நம் வீட்டுப் பெண் ஒருத்தி அவ்விதிப்படி ஆடி உலகை வென்றிருக்கிறாள்.

இவற்றையெல்லாம் தேடிப் படித்த பிறகு, கேரத்துக்கும் எழுதிய விதி இருக்குமல்லவா என்ற எண்ணம் வந்தது. இவ்வளவு காலம் வராததுதான் வெட்கம். இருக்கிறது. அகில உலகக் கேரம் கூட்டமைப்பு 1988இல் நிறுவப்பட்டது. நிறுவப்பட்ட ஊர் நம் சென்னை. அதன் விதிகளை வரவழைத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்தோம். சிவப்பும் தன் காயும் ஒரே அடியில் விழுந்தால் சிவப்பு உறுதியானதாகவே கொள்ளப்படும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

ஆகவே அத்தம்பி சொன்னது சரி. நாம் சொன்னது தவறு. கோப்பை பெற்ற தம்பி மீது குற்றமில்லை. அவர் நம் தீர்ப்பின்படி ஆடினார். குற்றம் நடுவருடையது. இதை அன்றிரவே இரு வீட்டாரிடமும் தனித்தனியே சென்று சொன்னோம். ஒரு வீட்டில் காபி கொடுத்தார்கள். மற்றொரு வீட்டில் கதவருகிலேயே நின்று கேட்டார்கள். கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் செய்த தவற்றை வீட்டு வாசலில் மெல்லச் சொன்னால் போதாது என்று பட்டதால், இன்று இம்மேடையில் சொல்கிறோம்.

செயற்குழுவின் ஒப்புதலோடு கேரம் விதிகளைத் தமிழில் எழுதி, தட்டச்சு செய்து, சட்டமிட்டு, கூடத்தின் வாயிலுக்கு இடப்புறச் சுவரில் மாட்டியிருக்கிறோம். மொழிபெயர்ப்பில் பிழை கண்டோர் நம்மிடம் நேரில் சொல்லலாம், திருத்திக்கொள்வோம். அந்த இறுதி ஆட்டத்தை மீண்டும் ஆட இரண்டு தம்பிமாரும் இசைந்திருக்கிறார்கள். வரும் ஞாயிறு மாலை 4 மணிக்குக் கூடத்தில் ஆட்டம். தந்தையர் இருவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிரெதிர் நாற்காலியில் அமரவேண்டா என்று மட்டும் கேட்டுக்கொண்டோம். நடுவராக வேறொருவர் இருப்பார். நாம் பலகைக்குப் பவுடர் தூவி, விழுந்த காய்களை எடுத்துக்கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறோம்.